யவனமேட்டுச் சம்பந்தி

சாவடிக்குப்பத்தில் தனக்கோடியின் வீட்டுக்குக் கூரை போய் இரண்டாவது மழைக்காலம் வரப்போகிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய புயல் பாதி ஓடுகளைக் கொண்டுபோனது. மீதியை அவரே இறக்கி வாசலில் அடுக்கினார். இனிமேல் ஓடு மாற்றிக்கொண்டிருக்க முடியாது, ஒரேயடியாகத் தளம் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். கம்பி வந்தது. ஜல்லி வந்தது. மணல் வருவதற்குள் ஒரு பலகை வந்துவிட்டது. வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்படவிருக்கும் இடம், எல்லைக்குள் யாரும் எதையும் கட்டக்கூடாது என்று நீலத்தில் வெள்ளை எழுத்து. அன்றிலிருந்து கம்பிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டின் மேலே கட்டியிருந்த தார்ப்பாய் காற்றுக்கெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் தனக்கோடியும் அவர் மனைவி தெய்வநாயகியும் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள்.

பலகையில் இடத்தின் பெயர் யவனமேடு என்று இருந்தது. அந்தப் பெயரை உலகத்துக்குச் சொன்னவர் பேராசிரியர் பிரபாவதி. அவர் வேறு யாருமில்லை, தெய்வநாயகியின் சம்பந்தி.

தெய்வநாயகியின் மகள் பரிமளாவுக்கு இது ஏழாவது மாதம். பிரபாவதியின் மகன் ஹேமந்தைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டில் இருக்கிறாள். ஆவணிக் கடைசியில் வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். அங்கேயோ வீட்டுக்குக் கூரை இல்லை. பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று செங்கல்பட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் அனுப்பவும் மனசு வரவில்லை.

கொளவாய் ஏரியைப் பார்த்த வீடு பிரபாவதியுடையது. கணவர் ராகவன் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இந்த வீட்டைக் கட்டி, குடிவந்த மூன்றாம் வருடம் போய்விட்டார். மதுராந்தகத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்த பிரபாவதி, செங்கல்பட்டுக் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டே, சனிக்கிழமைகளில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஒரு பாதிரியாரிடம் கிரேக்கம் படித்தவர். நம் கரைக்கு வந்துபோன யவன வணிகர்களைப் பற்றி அந்த நாட்டுக்காரர்கள் எழுதியதை அவர்கள் மொழியிலேயே படிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். பழைய கடல்வழிக் குறிப்புகளில் பெயர் மட்டும் வந்து, எங்கே என்று தெரியாமல் போன ஒரு துறைமுகத்தை அவர் பல வருடம் தேடினார். கடைசியில் அது சாவடிக்குப்பத்து மணல்மேடுதான் என்று எழுதினார். மேட்டின் தெற்குக் குழியில் கிடைத்த அயல்நாட்டுப் பானை ஓடுகள் ஒரு சான்று. இன்னொரு சான்று, படிப்பறிவில்லாத மீனவ மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தை யவனமேடு என்று அழைத்துவருவது.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு அவர் வாழ்க்கை மாறிப்போனது. ஏதென்ஸ் வரை போய்ப் பேசினார். அவரிடம் படித்தவர்கள் தஞ்சாவூரிலும் பூனாவிலும் லைடனிலும் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். ஊர்ப்பெயரையும் சனங்களின் வாய்ச்சொல்லையும் சான்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவர் மாணவர்களால் பரவியது. அதற்கு அவர் வகுத்த விதி ஒன்றுதான். கேள்விக்குள் பதிலை வைக்காதே. ‘இது யவனர் இடமா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘இந்த இடத்துக்கு என்ன பேர்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு.

சாவடிக்குப்பமும் அந்தப் பெயரை விடவில்லை. பேருந்து நிறுத்தம் யவனமேடு. டீக்கடை யவனா டீ ஸ்டால். கரையில் நின்ற படகுகளில் மூன்றுக்கு அதே பெயர். கிரிக்கெட் டீமின் மஞ்சள் பனியனில் முதுகு நிறைய யவனமேடு லெவன்.

*

பிரசவம் முடியும்வரை பெண் செங்கல்பட்டிலேயே இருக்கட்டும் என்று தெய்வநாயகியிடம் பக்குவமாகச் சொல்லத்தான் பிரபாவதி மகனோடு குப்பத்துக்குப் போனார். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை ஹேமந்த் பாட்டை மாற்றிக்கொண்டே வண்டி ஓட்டினான். அப்புறம், “நீயே பேசும்மா. நான் பேசினா மாமியார் அழுதுடுவாங்க” என்றான்.

தெய்வநாயகி வாசலில் அரிவாள்மனை போட்டுச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சம்பந்தியைப் பார்த்ததும் புறங்கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். உட்காரச் சொன்னாள். டீக்கு ஆள் அனுப்பினாள். தார்ப்பாயின் கீழ் ஃபேன் காற்று எங்கே வரும் என்று மாப்பிள்ளைக்குக் காட்டினாள். பிரபாவதி ஆரம்பித்த பேச்சைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டாள்.

“உங்க வூட்டக் கொற சொல்லல டீச்சர். ஏசி கீது, பாத்ரூம் உள்ளயே கீது. ஆசுபத்திரி பக்கத்துல கீது. எல்லாம் தெரியும் எனக்கு. ஆனா மொதப் புள்ளைக்கு ஆத்தா வூட்டுக்கு வராம அவ எங்க போவா?”

“ஊர் ஏதாவது பேசும்னு பார்க்கறியா தெய்வா?”

“ஊரு கெடக்குது. எனக்கு வோணும் அவ. கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு ராவு இங்க தங்கிருக்காளா, கேளுங்க. தார்ப்பாய் சத்தத்துல மாப்ளைக்குத் தூக்கம் வராதுன்னு வெளக்கு வெக்கறதுக்குள்ள வண்டிய எடுத்துர்றாரு.”

ஹேமந்த் செல்போனைக் குனிந்து பார்த்தான். மேலே தார்ப்பாய் படபடத்தது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் காற்று இப்போதே திசை மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அனுமதி வாங்க முயற்சி செய்கிறேன், அடுத்த மாதம் தொல்லியல் குழு வருகிறது, என்னிடம் படித்த ஜெபகுமார்தான் தலைவர், நம் பையன்தானே என்று பிரபாவதி சொல்லிப் பார்த்தார். தெய்வநாயகி மீன் செதிலை வழித்துப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருசமா இத்தையேதான் சொல்லிகினு கீறீங்க. உங்க மேடு எங்க வூட்ட முழுங்கிடுச்சு டீச்சர், அவ்ளோதான்.”

பிரபாவதிக்குச் சுருக்கென்றது. “என் மேடா? பேர் வச்சது உங்க ஜனம். நான் கேட்டதை எழுதினேன்.”

தெய்வநாயகியின் கை நின்றது. சண்டைக்கு வரப்போகிறாள் என்று ஹேமந்த் நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரித்தாள்.

“எங்க ஜனமா? யவனன்னா கறுப்பா செவப்பான்னு எங்களுக்கு எப்டித் தெரியும்? உங்க ஜெபகுமார் தம்பி எழுதி மாட்டுனதுதான அது.”

“எங்க மாட்டினான்?”

“நான் உங்க கேம்புக்குக் கொழம்பு வச்சேனே, அந்தச் சமையக் கொட்டாயில. யவனமேடு மெஸ்ஸுன்னு பெருசா பலகை. நீங்க எந்த ஓட்டாஞ்சில்லு எடுத்தாலும் யவனன் யவனன்னு சொல்லிகினு இருப்பீங்க, பசங்க கிண்டல் பண்ணும். நீங்க கொட்டா பக்கம் வந்தா கவுத்து வச்சிரும். நாங்க சொல்லிரப் போறோம்னு எங்களுக்கு ஆளுக்கொரு பீடா.”

மாணவர்களோடு மேட்டைத் தோண்டிய அந்த நாட்களில் பிரபாவதி கொட்டகைக்கு அதிகம் போனதில்லை. புருஷனோடு கல்பாக்கம் குடியிருப்பில் தங்கியிருந்தார். மதியச் சாப்பாடு அடுக்குப்பாத்திரத்தில் குழிக்கே வந்துவிடும். முதல் முறையாக மீன் சாப்பிட்டது அந்தப் பாத்திரத்திலிருந்துதான்.

“மறுவருசம் நான் வந்து கேட்டப்ப எல்லாரும் அதைத்தானே சொன்னாங்க” என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

“சொல்லாம? ஒரு சீசன் முச்சூடும் சனிக்கெழம கூலிக்கு நின்னோம். எந்த எடத்துல வேலன்னு அந்த சூப்ரவைசரு கேப்பாரு. யவனமேடுன்னாதான் டப்பு கைக்கு வரும். அப்புறம் வேற பேரு வாயில வருமா?” தெய்வநாயகி அடுத்த மீனை எடுத்தாள். “நீங்க இம்மாம் படிச்சவங்க, இது தெரிஞ்சிருக்கும்னுல்ல நெனச்சேன்.”

அதற்கு முன்னால் அந்த இடத்துக்கு என்ன பேர் என்பதுதான் அடுத்த கேள்வி. முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். பிரபாவதியால் அதைக் கேட்க முடியவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். வந்த வேலையைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. கிளம்பும்போது தெய்வநாயகி ஆய்ந்த மீனைப் பாத்திரத்தில் போட்டு, “பரிமளாவுக்கு மொளகா கம்மியா போடுங்க” என்று வண்டியில் ஏறிய சம்பந்தியின் மடியில் வைத்தாள்.

*

அதற்குப் பிறகு செங்கல்பட்டு வீட்டில் பிரபாவதி ஒரு இடத்தில் உட்காரவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். மாடியில் புத்தகத்தை எடுத்துவிட்டு எதற்கு எடுத்தோம் என்று நின்றார். ரயில் போகும் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்து, போன பிறகும் அங்கேயே நின்றார். பிளட் பிரஷரா என்று ஹேமந்த் கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு மருந்தைப் போட்டுக்கொண்டார்.

பரிமளாவுக்கு விஷயம் ஹேமந்த் மூலமாகத் தெரிந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியேறி மாமியாரின் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அத்தை, எங்க அம்மா சொன்னது நெசமாவே இருக்கட்டும். இப்ப அதை யாருகிட்ட சொல்லணும்?”

“உனக்கு உங்க வீட்டுல கூரை வேணாமா?”

“வேணும்தான். ஆனா நான் பொறந்ததுலேருந்து எங்க ஊரு யவனமேடு. காலேஜ்ல எந்த ஊருன்னு கேட்டா குப்பம்னு சொல்ல மாட்டேன், யவனமேடுன்னு சொல்வேன். உடனே மரியாதை வரும். உங்க பையன்கூட, எங்க அம்மா புக்குல உங்க ஊர் இருக்குன்னு சொல்லித்தான் எங்கிட்ட மொதல்ல பேசினாரு.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. “அதையும் இல்லன்னு சொல்லிடுவீங்களா?”

பிரபாவதி மருமகளின் கால்களைப் பார்த்தார். லேசாக வீங்கியிருந்தன. ஒரு தலையணையை எடுத்து அவற்றின் கீழே வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை ஜெபகுமாரை வரச்சொன்னார். ஒரு காலத்தில் ஒல்லியாகக் கண்ணாடியோடு குழியில் இறங்கிய பையன். இப்போது தலை நரைத்து, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் பேராசிரியர். யவனமேட்டைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப் பரிந்துரைத்தவர் அவர். பிரபாவதியின் பெயரில் மாணவர்கள் கொண்டுவரும் பாராட்டு மலரின் பதிப்பாசிரியரும் அவர்தான். டிசம்பரில் வெளியீடு.

மெஸ் பலகையைப் பற்றிக் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆமாம் மேடம், கரிக்கட்டையால் எழுதினேன், உங்களுக்கு யார் சொன்னது என்றார். சிரிப்பு நடுவிலேயே நின்றது. கையிலிருந்த காபியை மேசையில் வைத்தார்.

“நெஜமாவே மறந்துட்டேன் மேடம். ஒருநாள்கூட இதையும் அதையும் சேர்த்து யோசிக்கல.”

“நானும்தான் ஜெபா யோசிக்கல.”

“இப்ப யோசிச்சு என்ன பிரயோஜனம்? முப்பத்தஞ்சு வருஷமா ஒரு ஊரு ஒரு பேரைச் சொல்லுது. அது அந்த ஊரோட பேர்தான்.”

“பேர்தான். சாட்சி இல்ல.”

ஜெபகுமார் எழுந்து நடந்தார். அறிவிப்பு வராவிட்டால், பக்கத்துக் கரையில் நிலம் வாங்கிக்கொண்டுவரும் ரிசார்ட்காரர்கள் தெற்குப் பக்கத்தையும் சேர்த்து வளைத்துவிடுவார்கள் என்றார். மலரில் இருக்கும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்தப் பெயரில்தான் நிற்கின்றன, அவற்றை எழுதியவர்கள் எல்லாம் நீங்கள் வளர்த்தவர்கள் என்றார். பிரபாவதி அவர் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார். தனக்கோடியின் வீடு இருக்கும் வடக்குப் பக்கம் எதை வைத்து எல்லைக்குள் வந்தது?

“பேரை வச்சுத்தான். அங்க ஒரு ஓடுகூட நமக்குக் கெடைக்கல. மேடு முழுக்க அதே பேர்ல இருக்கேன்னு சேர்த்தோம்.”

“பேரு போனா?”

“தெற்குக் குழி மட்டும் நிக்கும். ரிசார்ட்காரனைத் தடுக்க அது போதும்.” அவர் குரல் இறங்கியது. “ஆனா உங்க துறைமுகம் போயிடும் மேடம். வெறும் பானை ஓடு எந்தக் கரைலயும் கெடைக்கும். படகுல வந்துது, உடைஞ்சுது, அவ்வளவுதான்னு சொல்லிடுவாங்க. வெளியூர்ல உங்களுக்கு ஆகாதவங்க காத்துகிட்டிருக்காங்க.”

அவர் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “கூட்டத்துல ஊர்க்காரங்களைக் கேக்கணும்னு விதி. நான் கேப்பேன், அவங்க சொல்வாங்க. நீங்க வரவே வேணாம் மேடம். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்.”

*

வளைகாப்பு ஒரு குறையில்லாமல் நடந்தது. ஐந்து வகைச் சாதம், பரிமளாவின் கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். எல்லாம் முடிந்து பெண்ணை அழைத்துப்போகும் நேரம் வந்தபோது தெய்வநாயகி மகளின் தலையைத் தடவிவிட்டு, தனியாக வேனில் ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் உட்காராமல் உள்பக்கமாக உட்கார்ந்தாள். அதை வீட்டிலிருந்த எல்லாரும் பார்த்தார்கள். பிரபாவதியும் பார்த்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் புரட்டாசி முதல் வாரத்தில், சாவடிக்குப்பத்துப் புயல் பாதுகாப்பு மையத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், அதிகாரிகளுக்கு வாட்டர் பாட்டில். மஞ்சள் பனியனில் கிரிக்கெட் டீம் முழுக்க வந்திருந்தது. பெண்கள் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரபாவதி ஹேமந்தின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்ததும் ஜெபகுமாரின் முகம் மாறியது. எழுந்து நின்று, தன் நாற்காலியைக் கொடுத்தார்.

வணக்கமும் வரவேற்பும் முடிந்தவுடன் பிரபாவதி மைக்கைக் கேட்டு வாங்கினார். சுற்றி வளைக்கவில்லை. இந்த மேட்டுக்கு யவனமேடு என்று உங்கள் முன்னோர் பெயர் வைத்ததாக நான் எழுதினேன், அது தவறு, எங்கள் கூடாரத்தில் விளையாட்டாக வைத்த பெயர் உங்களுக்குத் தொற்றிக்கொண்டது, அதை நான் உங்கள் பெயரென்று நினைத்து எழுதிவிட்டேன் என்றார். இவ்வளவுதான். சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

டீம் கேப்டன் சரவணகுமார் எழுந்து முன்னால் வந்தான். இங்கே பிறந்து வளர்ந்து, பத்தாவது வரை பாடத்தில் இந்த ஊரைப் படித்தவன். “இன்னா டீச்சர், நீங்களே இப்டி சொன்னா? எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன் நானு. அவுரு சின்னப் புள்ளைலேருந்தே இந்தப் பேருதானாம்.” கூட்டத்திலிருந்து ஆமாம் ஆமாம் என்றார்கள். டீச்சருக்கு வயசாயிடுச்சு, மறதி, பாவம் என்று ஒரு குரல் வந்தது. கேலியாகச் சொன்னது அல்ல, உண்மையான பரிவோடுதான் சொன்னது.

ஒரு அதிகாரி, எல்லைக்குள் வீடு இருப்பவர்களில் மூத்தவர் யாராவது சொல்லுங்கள் என்றார். எல்லாரும் தனக்கோடியைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வடக்குப் பக்கம் எல்லைக்கு வெளியே போய்விடும், கம்பிக்கும் ஜல்லிக்கும் வேலை வந்துவிடும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

“எங்க நைனா காலத்துலேருந்து அதான் சார் பேரு” என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “டீச்சரம்மா தப்பா எழுத மாட்டாங்க. சத்தியமா எழுத மாட்டாங்க.”

உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் தெய்வநாயகி புருஷனைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது. பிரபாவதி அவரையே பார்த்தார். இந்த மனிதர் என் பெயரைக் காப்பாற்றத் தன் வீட்டுக் கூரையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கிரேக்கம் தெரியாது, துறைமுகம் தெரியாது. சபையில் சம்பந்தியம்மாள் தலைகுனியக்கூடாது, அது மட்டும் தெரியும்.

ஜெபகுமார் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். பிரபாவதி மேடையிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போனார். மைக் வயர் போதாமல் பாதியில் நின்றது. மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

“தெய்வா, எனக்கு ஒண்ணு சொல்லு. நாங்க யாரும் இந்தப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி, நீ கல்யாணமாகி வந்த புதுசுல, காலைல எழுந்ததும் உன் மாமியார் உன்னை எங்க அனுப்புவாங்க?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

தெய்வநாயகி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“எங்க அனுப்பும்? குச்சியக் கையில குடுத்துக் கருவாட்டு மேட்டுக்கு அனுப்பும். காக்கா ஓட்ட.”

பக்கத்தில் இருந்தவள் பக்கென்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. புது மருமகள் வந்தால் முதல் வருடம் அவளுக்கு அங்கேதான் வேலை. நெத்திலியும் வாளையும் காயப்போட்டு, நடுவில் குச்சியோடு உட்காரவைத்துவிடுவார்கள். கல்யாணப் புடவை முழுக்கக் கவுச்சி ஏறிவிடும். நரைத்த தலைகளெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன. நான் அங்க தூங்கிட்டு அடி வாங்கினேன், எங்க மாமியாரு வூட்டு மீனக் காக்கா மட்டுமா தூக்கிச்சு, நானே ரெண்டு சுட்டுத் துன்னேன் என்று ஆளுக்கொரு பேச்சு. வெளியூரிலிருந்து பிற்பாடு வாழ வந்தவர்கள் புரியாமல் பார்த்தார்கள். மஞ்சள் பனியன் பையன்கள் தங்கள் பாட்டிமார்களை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தோண்டுவதற்காக மேட்டுக்கு வேலி போட்ட பிறகு கருவாடு ரோட்டோரத்துக்குப் போய்விட்டது, பெயரும் அதோடு போய்விட்டது.

தனக்கோடி மட்டும் தலை நிமிரவில்லை. சிரிப்பு அவரிடமும் வந்துவிட்டதால் மறைக்கக் குனிந்திருந்தார்.

அதிகாரிகளில் ஒருவர் என்ன எழுதுவது என்று ஜெபகுமாரைக் கேட்டார். ஜெபகுமார் தன் ஆசிரியையை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏற்கெனவே எழுதியதை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

*

பலகை தெற்கே நகர்ந்தது. தெற்குக் குழியைச் சுற்றி மட்டும் வேலி என்று வரைபடம் திருத்தப்பட்டது. பஞ்சாயத்து அனுமதி வந்ததும் தனக்கோடி ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. மழை வருவதற்குள் தளம் காய வேண்டும், ஐப்பசியில் பெண் வர வேண்டும்.

டிசம்பர் மலர் தள்ளிப்போனது. இரண்டு பேர் தங்கள் கட்டுரைகளைத் திரும்பக் கேட்டார்கள். லைடனில் இருக்கும் மாணவி மட்டும் போன் செய்து, மேடம், இதையே ஒரு கட்டுரையாக எழுதித் தாருங்கள், ஒரு ஆராய்ச்சி எப்படி ஒரு ஊருக்குப் பெயர் வைத்தது என்று, அதை முதலில் வைக்கலாம் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார் பிரபாவதி. மேசைக்குப் போவதும் எழுந்துவிடுவதுமாக இருந்தார். துறைமுகம் இல்லாத ஒரு கரையை நினைத்துப் பார்க்க அவருக்கு இன்னும் பழகவில்லை.

தளம் போட்ட அன்று காலையிலிருந்து கலவை மிஷின் சத்தம். கிரிக்கெட் டீம் சிமெண்ட் சட்டிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தது. பனியனில் யவனமேடு லெவன் அப்படியே இருந்தது. மாற்ற மாட்டோம் என்று சரவணகுமார் சொல்லிவிட்டான். ஹேமந்தும் சட்டி வாங்கினான், இரண்டாவதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டான், மச்சான்காரர்கள் கிண்டல் செய்தார்கள். பரிமளா வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புருஷனுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரபாவதியும் ஒரு சட்டிக்குக் கையை நீட்டினார். தெய்வநாயகி பிடுங்கிக்கொண்டாள்.

“உங்களுக்கு இது ஆவாது டீச்சர். வாங்க.”

மேட்டின் வடக்குச் சரிவில் வலை விரித்து, அதன்மேல் நெத்திலி பரப்பியிருந்தாள். புரட்டாசியில் மீன் விலை போகாது, பிடித்ததெல்லாம் கருவாடுதான். மணல் சூடேறிக்கொண்டிருந்தது. கீழ்வானத்தில், கடலுக்கு மேல், மேகம் கறுத்து நின்றது. இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று சொல்ல முடியாது. ஒரு முக்காலியைப் போட்டுப் பிரபாவதியை உட்காரவைத்து, கையில் ஒரு சவுக்குக் குச்சியைக் கொடுத்தாள்.

பிரபாவதி உட்கார்ந்தார். வாழ்நாளில் பாதியை இந்த மேட்டைப் பற்றி எழுதியவர். இதன்மேல் சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை. நெத்திலியின் வாசனை புடவையில் ஏற ஆரம்பித்தது.

மேலே பாதி நிரம்பிய தளத்திலிருந்து தனக்கோடி எட்டிப் பார்த்தார். வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலி குறிக்கும் மேஸ்திரி பக்கத்தில் நின்றான்.

“டீச்சரம்மாவுக்கும் கூலி குறிக்கணும்” என்று கத்தினார். “எந்த எடத்துல வேலன்னு கேக்கறாரு.”

வேலை செய்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பரிமளாவும் பார்த்தாள். பிரபாவதி மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து சொன்னார்.

“கருவாட்டு மேடுன்னு எழுதிக்கச் சொல்லுங்க சம்பந்தி.”

அதற்குள் ஒரு காக்கை வந்து வலையோரம் உட்கார்ந்தது. அவர் குச்சியை ஓங்கினார்.